கொரோல்லாவுக்குக் கட்டாத வரி

தம்பி, குறை நினைக்காதேங்கோ. அந்தப் படிவத்தில உறவு எண்டு கேட்டிருக்கிற இடத்தில என்ன எழுதியிருக்கிறியள்? இன்னும் ஒண்டும் எழுதேல்லையோ? நல்லது. பேனையை மூடி வையுங்கோ. உங்கட நம்பர் என்ன, நூற்றிப் பதினெட்டோ? எனக்கு நூற்றிப் பதினாறு. இப்ப தொண்ணூற்றெட்டுத்தான் போகுது. அவசரமில்லை.

நான் மற்றவையின்ர கடதாசியை எட்டிப் பார்க்கிற ஆளில்லை. ஆனால் அந்தப் படிவம் எனக்கு வடிவாத் தெரியும். குடும்பத்துக்குள்ள காரை அன்பளிப்பாக் குடுக்கிற படிவம். தகப்பன் மகனுக்குக் குடுத்தால் வரி இல்லை. புருசன் பெண்சாதிக்குக் குடுத்தால் வரி இல்லை. வெளியாளிட்டைப் பழைய கார் வேண்டினால் நூற்றுக்குப் பதிமூண்டு கட்டவேணும். நீங்கள் பேனையைக் கையில வைச்சுக்கொண்டு யோசிக்கேக்கையே எனக்கு விளங்கிச்சுது. சொந்தத் தகப்பன்ர காரெண்டால் ஆரும் யோசிப்பினமோ?

பயப்பிடாதேங்கோ, நான் அரசாங்கக் கந்தோர் ஆள் இல்லை. காட்டிக் குடுக்கிற ஆளுமில்லை. உங்களைப் போல நானும் ஒரு நம்பர்த் துண்டை எடுத்துக்கொண்டு குந்தியிருக்கிறன். நான் வந்தது வரி கட்ட. ஒருத்தரும் என்னட்டைக் கேக்காத வரி. போன மாசம் வந்து கவுண்டரில இருக்கிற பிள்ளைக்குச் சொன்னன். அவவுக்கு விளங்கேல்லை. கட்டின வரியைத் திருப்பித் தா எண்டு சண்டை பிடிக்கிற சனத்தைத்தான் அவ கண்டிருக்கிறா. வரிக் கந்தோருக்கு எழுதுங்கோ எண்டா. எழுதினன். பதில் வந்திட்டுது. இந்தா, இந்தக் கவருக்குள்ளதான் இருக்கு.

என்ர பேர் கெங்காதரன். ஊர் கரவெட்டி. எண்பத்தேழில இஞ்ச கனடாவுக்கு வந்தனான். மா குழைச்சுப் பாண் சுடுற பக்டரியில இருபத்தாறு வருசம். மூண்டு தங்கச்சிமாரையும் கூப்பிட்டு, மூண்டு பேருக்கும் கலியாணம் செய்து குடுத்தனான். ஒருத்தி லண்டன், ஒருத்தி நோர்வே, கடைசித் தங்கச்சி இஞ்சதான், மார்க்கம் எண்ட இடத்தில. கிட்டத்தான். அவ ஒவ்வொரு நாளும் காலமை எனக்குப் பூப்படம் அனுப்புவா, காலை வணக்கம் எண்டு எழுதி. நான் பார்த்த உடனை அழிச்சுப் போடுவன். படம் சேர்ந்து போன் நிரம்பினால் வேலை செய்யாது. போன் விசயத்தில நான் ஒருத்தரிட்டையும் போய் நிக்கிறேல்லை, எல்லாம் நானேதான்.

கடைசித் தங்கச்சியின்ர கலியாணம் முடிய எனக்கு நாற்பத்தாறு வயசு. பிறகு எனக்கு ஆர் பொம்பிளை பார்க்கிறது? நானும் கேக்கேல்லை. அவையளும் கேக்கேல்லை. அது வேற கதை.

கார் கதையைச் சொல்லுறன். இரண்டாயிரத்துப் பன்ரண்டில புதுசா எடுத்த கொரோல்லா. சாம்பல் நிறம். வேலைக்கும் கோயிலுக்கும் கடைக்கும் தவிர வேற இடம் அறியாத கார். போன வருசத்துக்கு முதல் வருசம் கண் டொக்டர் சொல்லிப்போட்டார், கண்ணில அழுத்தம், இனிக் கார் ஓடக்கூடாது எண்டு. சரி, விக்கத்தானே வேணும். தமிழ்க் கடைப் பலகையில துண்டு ஒட்டினன். ஆறாயிரத்து ஐந்நூறு டொலர், பேரம் பேச வரவேண்டாம் எண்டு எழுதினனான். ஆறேழு பேர் வந்தினம். எல்லாரும் பேரம் பேசத்தான் வந்தினம். ஒருத்தர் டயரைக் காலால உதைஞ்சு பார்த்தார். அவரை உடனை அனுப்பிப்போட்டன்.

கடைசியா வந்தவன்தான் சாரங்கன். இருபத்தைஞ்சு வயசு இருக்கும். பஸ்ஸில வந்தவன். அவன் காரைப் பார்க்க முதல், ஏன் ஐயா விக்கிறியள் எண்டு கேட்டான். மற்றவை ஒருத்தரும் அப்பிடிக் கேக்கேல்லை. கண் கதையைச் சொன்னன். அப்ப இனிக் கடைக்கு எப்பிடிப் போவியள் எண்டு கேட்டான். விளங்குதோ உங்களுக்கு? கார் வேண்ட வந்த ஆள் கேக்கிற கேள்வியோ அது?

ஊர் விசுவமடு, வன்னியில. ஏஜக்ஸில ஒரு பெரிய வெயார்ஹவுஸில பெட்டி ஏத்திற வேலை. விடிய அஞ்சு மணிக்கு நிக்கவேணும். அந்த நேரத்துக்கு அங்க பஸ் இல்லை. ஆற்றையோ காரில தொத்திக்கொண்டு போய் வாறான், ஏத்திக்கொண்டு போறவர் வேலையை விடப் போறார். கார் இல்லையெண்டால் வேலை இல்லை. ஒரு பேஸ்மென்டில நாலு பேரோட இருந்துகொண்டு ஆறாயிரத்து ஐந்நூறு சேர்த்திருக்கிறான். சரியா ஆறாயிரத்து ஐந்நூறு. வரி எண்டு ஒண்டு இருக்கெண்டு அவனுக்கு ஒருத்தரும் சொல்லேல்லை.

காரைச் சோதிக்கக் கராஜுக்குக் கொண்டு போனம். கராஜ் வைச்சிருக்கிறவர் யோகநாதன், எனக்குப் பழக்கமானவர். அவர்தான் கணக்குச் சொன்னார். நீங்கள் என்ன விலை எழுதினாலும் அரசாங்கத்திட்டை ஒரு விலைப் புத்தகம் இருக்கு. அதில உங்கட காருக்கு எண்ணாயிரம் எண்டு கிடந்தால் எண்ணாயிரத்துக்குத்தான் வரி. ஆயிரத்து நாற்பது டொலர். பெடியன் அதைக் கேட்டிட்டுப் பக்கத்தில கிடந்த டயருக்கு மேல இருந்திட்டான். கார்ச் சாவியை என்ர கையில திருப்பித் தந்தான்.

அப்பத்தான் யோகநாதன் எங்கட இரண்டு பேற்ற லைசென்ஸையும் பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்த்தார். உங்களுக்குத் தெரியும்தானே, எங்கட ஆக்களுக்குக் குடும்பப் பேர் எண்டு ஒண்டில்லை. தகப்பன்ர பேரைத்தான் பின்னால போடுறது. என்ர லைசென்ஸில கெங்காதரன் வேலுப்பிள்ளை எண்டு இருக்கு. வேலுப்பிள்ளை என்ர தகப்பன். பெடியன்ர லைசென்ஸில சாரங்கன் கெங்காதரன் எண்டு இருக்கு. அவன்ர தகப்பனுக்கும் என்ர பேர்தான். யோகநாதன் சிரிச்சுப்போட்டுச் சொன்னார், அண்ணை, இவர் உங்கட மகனெல்லோ, மகனுக்குக் குடுக்கிற காருக்கு என்ன வரி எண்டு.

நான் மாட்டன் எண்டனான். எழுதிற கடதாசி கந்தோரில ஒரு ஆளுக்கு முன்னால சத்தியம் செய்து கையெழுத்து வைக்கிற கடதாசி. நான் பொய் சொல்லாத ஆள். இருபத்தாறு வருசத்தில ஒரு நாள் சுகமில்லையெண்டு பொய் சொல்லி லீவு எடுக்கேல்லை. பெடியனும் வேண்டாம் எண்டுதான் சொன்னான். பிறகு தகப்பன்ர கதையைச் சொன்னான். சண்டை முடிஞ்ச நேரம், விசாரிச்சுப்போட்டு விடுறம் எண்டு ஆமிக்காரர் தகப்பனை பஸ்ஸில ஏத்திக்கொண்டு போனவையாம். பிறகு ஒரு தகவலும் இல்லை. இவனுக்கு அப்ப ஒன்பது வயசு. தாய் இன்னும் தேடிக்கொண்டு இருக்கிறாவாம். அதைக் கேட்டாப் பிறகு எனக்கு மனம் கேக்கேல்லை. சரி, எழுதுவம் எண்டன்.

ஆயிரத்தை விலையில குறைச்சுக் குடுத்திருக்கலாமே எண்டு நினைக்கிறியள். நினைக்கேல்லையோ? சரி. யோகநாதன் நினைச்சவர். வாயாலயும் சொன்னவர், நீங்கள் ஐயாயிரத்து ஐந்நூறுக்குக் குடுத்தால் பிரச்சினை முடிஞ்சுதே அண்ணை எண்டு. ஆனால் நான் விலை விசயத்தில ஒரு சொல் ஆள். துண்டில ஆறாயிரத்து ஐந்நூறு எண்டு எழுதினால் ஆறாயிரத்து ஐந்நூறுதான்.

சத்தியம் எடுக்கிற கந்தோரில இருந்தது ஒரு தமிழ்ப் பிள்ளைதான். படிவத்தைப் பார்த்தா, பேரைப் பார்த்தா, எங்கட முகத்தைப் பார்த்தா. அப்பாவோ எண்டு அவனைக் கேட்டா. அவன் என்னை ஒருக்காப் பார்த்திட்டு, ஓம், அப்பா எண்டான். எனக்கு அண்டைக்கு அறுபத்தைஞ்சு வயசு. அது படிவத்துக்காகச் சொன்னது எண்டு எனக்குத் தெரியாதோ? தெரியும். என்னவோ, அந்தப் பிள்ளை தந்த பேனை எழுதேல்லை, வேற பேனை கேட்டு வேண்டிக் கையெழுத்து வைச்சன். இரண்டு பேரும் அந்தக் கடதாசியைப் போனில படம் எடுத்து வைச்சுக்கொண்டம். காசை எண்ணித் தந்தான். கார் போட்டுது.

பார்க்கிங்கில கார் நிண்ட இடம் வெறுமையாக் கிடந்தது. முதல் கிழமை நான் யன்னல் சீலையைத் திறக்கேல்லை. வெயில் கண்ணுக்குக் கூடாது எண்டு டொக்டர் சொன்னவர்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கீழ நிண்டு ஹோர்ன் அடிக்கிற சத்தம் கேட்டுது. என்ர காரின்ர சத்தம் எனக்குத் தெரியாதோ. பெடியன் நிக்கிறான், கடைக்குப் போவம் வாங்கோ அங்கிள் எண்டு. நான் கேட்டுக் கூப்பிடேல்லை, அவன் தானாத்தான் வந்தது. பிறகு ஒவ்வொரு ஞாயிறும் வந்தான். மரக்கறிக் கடை, மீன் கடை, தலைமயிர் வெட்ட, கண் டொக்டரிட்டை. ஒரு ஞாயிறும் விடேல்லை. நான் சனிக்கிழமையே மீன் வேண்டிச் சமைச்சு வைச்சிடுவன். பிறகு ஞாயிற்றுக்கிழமை மீன் கடைக்கு ஏன் போறம் எண்டு கேட்டான். அந்தக் கடையில நல்ல மீன் எண்டன்.

ஒரு நாள் காரில ஏறி இருக்க, அப்பா, பெல்ட்டைப் போடுங்கோ எண்டான். பகிடிக்குச் சொன்னானோ, வாய் தவறிச் சொன்னானோ தெரியாது. நான், படிவம் முடிஞ்சுதே தம்பி, இனி அங்கிள் எண்டே சொல்லும் எண்டன். சிரிச்சான். பிறகு அவன் அப்பிடிச் சொல்லவே இல்லை. நான் சும்மா ஒரு முறைக்குச் சொன்னது. இந்தக் காலத்துப் பெடியளுக்கு ஒண்டைச் சொன்னால் அதை அப்பிடியே பிடிச்சுக்கொள்ளுவினம்.

எத்தினை போகுது? நூற்றி மூண்டோ. இருக்கு, இருக்கு.

அவன் கார் வேண்டினதைத் தாய்க்குச் சொல்லேல்லை. சினோ கொட்டிற பனி ரோட்டில ஓடுறான் எண்டு பயப்பிடுவா எண்டு. எட்டு மாசம் கழிச்சுத்தான் சொன்னவன். தாய்க்குச் சந்தோசம். எங்கட ஆக்கள் வாகனம் வேண்டினால் பத்திரங்களைப் பிள்ளையாரிட்டை வைச்சுப் பூசை செய்து எடுக்கிறதெல்லோ. நீ அங்க எங்க கோயிலுக்குப் போகப் போறாய், பத்திரங்களைப் படம் எடுத்து அனுப்பு, நான் வைச்சு எடுக்கிறன் எண்டு கேட்டிருக்கிறா. இவன் வேலைக்குப் போற அவசரத்தில போனில இருந்த கார்க் கடதாசிப் படம் எல்லாத்தையும் அப்பிடியே அனுப்பிப்போட்டான். அந்தச் சத்தியக் கடதாசியும் அதுக்குள்ள போட்டுது.

அவ அதைக் கடையில குடுத்து அச்செடுத்திருக்கிறா. கடையில நிண்ட பிள்ளை இங்கிலீசு வாசிக்கக்கூடிய பிள்ளை. அன்ரி, இதில உங்கட மனுசன்ர பேர் கிடக்கு, தகப்பன் எண்டு போட்டிருக்கு, போன வருசத் திகதியில கையெழுத்து வைச்சிருக்கிறார், கீழ போன் நம்பரும் இருக்கு எண்டு அந்தப் பிள்ளை வாசிச்சுச் சொல்லியிருக்கு. பின்னால கிடந்த வேலுப்பிள்ளையை அது கவனிக்கேல்லை. கனடா அரசாங்கத்தின்ர கடதாசி. அதில பொய் இருக்கும் எண்டு அங்க இருக்கிற சனம் நினைக்குமோ? தாய் முதல் மகனுக்குத்தான் அடிச்சுப் பார்த்திருக்கிறா. அவன்ர போன் வெயார்ஹவுஸில லொக்கருக்குள்ள. பிறகு அந்த நம்பருக்கு அடிச்சா. என்ர நம்பருக்கு.

ஒரு சனிக்கிழமை காலமை. எட்டரை இருக்கும். தேத்தண்ணி ஊத்திக்கொண்டு நிண்டனான். போன் அடிச்சுது. எனக்கு ஆரப்பா போன் எடுக்கிறது? தங்கச்சிமார் படம்தான் அனுப்புவினம். எடுத்து, கெங்காதரன் கதைக்கிறன் எண்டன். பக்டரியில பழகின பழக்கம், நான் எப்பவும் பேர் சொல்லித்தான் எடுக்கிறது.

மற்றப் பக்கம் ஒரு பொம்பிளைக் குரல், என்னைத் தெரியுதோ எண்டு கேட்டுது.

இதைத்தான் தம்பி, நான் உங்களிட்டைக் கேக்கிறன். ஊரில இருந்து ஒருத்தர் எடுத்து, என்னைத் தெரியுதோ எண்டு கேட்டால் நீங்கள் என்ன சொல்லுவியள்? தெரியாது எண்டு முகத்தில அடிச்ச மாதிரிச் சொல்லலாமோ? எங்கட பக்கத்தில அப்பிடி ஒருத்தரும் சொல்லமாட்டினம். கதைச்சுக்கொண்டு போனால் ஆரெண்டு விளங்கும். தெரியாது எண்டால் சில நேரம் வைச்சிடுவினம். அதாலதான் சொன்னன், ஓம், தெரியாமல் என்ன, சொல்லுங்கோ எண்டு.

அவ அழத் தொடங்கிட்டா. அப்பிடி ஒரு அழுகை. செத்த வீட்டுச் செய்தியாக்கும் எண்டு நினைச்சன். ஆறுதலாக் கதையுங்கோ, அழாதேங்கோ எண்டன். ஏன் இவ்வளவு காலமும் ஒரு கதையும் இல்லை எண்டு கேட்டா. ஊரில ஆர் எடுத்தாலும் அதைத்தானே கேக்கிறது. நான் சொன்னன், என்ன செய்யிறது, வேலை, வேலை எண்டு நாள் போட்டுது எண்டு. பிறகு கேட்டா, கால் இப்ப எப்பிடி எண்டு.

எனக்கு முழங்கால் நோ. எனக்கு மட்டுமோ, இந்த வயசில ஆருக்கு இல்லை. பரவாயில்லை, குளிருக்குத்தான் நோகும் எண்டன். அவ திரும்பவும் அழுதா. சாப்பாடு ஆர் சமைக்கிறது எண்டு கேட்டா. நானேதான் எண்டன். உங்களுக்குச் சமைக்கத் தெரியாதே எண்டா. பழகிட்டுது எண்டன். மீன் கிடைக்குமோ எண்டு கேட்டா. எண்ணெய் தேய்ச்சு முழுகிறனீங்களோ எண்டு கேட்டா. லைன் நல்லா இல்லை, குரல் தகரத்துக்குள்ளால வாற மாதிரி. ஆனாலும் நல்ல மனுசி, நல்ல ஆதரவான கதை. பொய் சொல்லேல்லை தம்பி, என்னட்டை அவ்வளவு அக்கறையா ஒருத்தரும் கதைச்சதில்லை. ஆரெண்டு கேட்டுக் குழப்பவேண்டாம் எண்டு நானும் கதைச்சுக்கொண்டே போனன்.

கடைசியில, பிள்ளை உங்களை மாதிரியே வளர்ந்திட்டான் என்ன எண்டா. அப்பத்தான் எனக்கு ஏதோ பிழைக்குதெண்டு பட்டுது. எனக்குப் பிள்ளையள் இல்லைத் தங்கச்சி, நான் கலியாணமே கட்டேல்லை எண்டன்.

அவ கேட்டா, "நீங்கள் எந்த ஊர்?"

"கரவெட்டி."

"ஓம்" எண்டா. அவ்வளவுதான். வைச்சிட்டா.

அண்டைக்குப் பின்னேரம் கீழ ஹோர்ன் சத்தம் கேக்கேல்லை. கதவைத் தட்டிற சத்தம்தான் கேட்டுது. பெடியன் வேலை உடுப்போட வந்து நிக்கிறான். உள்ள வாரும் எண்டன், வரேல்லை. வாசலில நிண்டுதான் எல்லாத்தையும் சொன்னான். தகப்பனுக்குக் காலில காயமாம், அதாலதான் அவ காலைக் கேட்டது. நான் எனக்கு எப்பிடித் தெரியும் எண்டன். அவன் என்னை ஏசேல்லை. தலையைக் குனிஞ்சுகொண்டு ஒண்டுதான் சொன்னான்.

"அங்கிள், அம்மா பதினொரு நிமிசம் அப்பாவோட கதைச்சவ."

போனைப் பார்த்தனான். பதினொரு நிமிசம் பதினாலு விநாடி. சரியாத்தான் சொன்னவன்.

அதோட முடிஞ்சிருக்கலாம். முடியேல்லை. அங்க ரோட்டோரத்தில ஒரு கொட்டகை இருக்கு. காணாமல் போன ஆக்களின்ர தாய்மாரும் பெண்சாதிமாரும் படங்களை வரிசையாத் தொங்கவிட்டிட்டு அதில குந்தியிருக்கிறவை. ஏழெட்டு வருசமா இருக்கினம். இவவும் பஸ் ஏறிப் போய் இருக்கிறவ. கடைப் பிள்ளை சும்மா இருக்குமோ? கதை கொட்டகைக்குப் போட்டுது. ஒருத்தரும் கோவிக்கேல்லை. எல்லாருக்கும் சந்தோசம். ஒருத்தற்ற ஆளாவது கிடைச்சிட்டாரே எண்டு கட்டிப்பிடிச்சு அழுதிருக்கினம். தகப்பன்ர படத்தைக் கழட்டித் துடைச்சு இவவின்ர கையில குடுத்திட்டினம். இல்லை, அது வேற ஆள், கார் வரிக்கு எழுதினது எண்டு இவ சொல்லச் சொல்ல ஒருத்தரும் நம்பேல்லை. வெளியில சொல்லப் பயப்பிடுறா எண்டு நினைச்சிட்டினம். அண்டைக்குப் பிறகு அவ அங்க போறதில்லை. எந்த முகத்தோட போறது? ஆள் கிடைச்சவவுக்கு அங்க என்ன வேலை?

பெடியன் என்னட்டை வந்து கேட்டான், அங்கிள், அதை மாத்தி எழுதுவம், வெளியாள் வித்த கார் எண்டு எழுதி வரியைக் கட்டுவம், காசு நான் தாறன் எண்டு. கையால எழுதிற கடதாசியை அங்க ஒருத்தரும் நம்பமாட்டினம். அரசாங்க முத்திரையோட போனதை அரசாங்க முத்திரையோட வாற இன்னொரு கடதாசிதான் இல்லையெண்டு ஆக்கும். நான் யோசிச்சுச் சொல்லுறன் எண்டன். சத்தியம் செய்த விசயம், குற்றப்பணம் வரலாம், பொலிசுக்குப் போகலாம், அவன்ர விசாவுக்குப் பிரச்சினை வரலாம். அவன்ர நன்மைக்குத்தானே நான் யோசிக்கிறன். அடுத்த கிழமை திரும்ப வந்தான். இன்னும் யோசிக்கேல்லை எண்டன். அதுக்கு அடுத்த கிழமையும் வந்தான். மீன் குழம்பு இருக்கு, சாப்பிட்டிட்டுப் போம் எண்டன். சாப்பிடேல்லை. அதுக்குப் பிறகு வரேல்லை. நான் இன்னும் ஒரு கிழமை யோசிச்சிருப்பன், அவனுக்குப் பொறுமை இல்லை.

மூண்டு மாசம். ஒரு ஞாயிறும் வரேல்லை. வேலையாக்கும் எண்டு நினைச்சன்.

நான் அந்தப் பொம்பிளைக்குப் போன் எடுத்துப் பார்த்தனான். மன்னிப்புக் கேக்கத்தான். நாலைஞ்சு தரம் எடுத்திருப்பன். கூடவும் இருக்கலாம். எடுக்கமாட்டா. போன மாசம் ஒரு நாள் எடுத்தா. நான் பேர் சொல்லேல்லை, இந்த முறை கவனமா, நான் கார் வித்த ஆள் எண்டன். அவ ஏசவும் இல்லை, அழவும் இல்லை.

"ஐயா, நீங்கள் அவரில்லை எண்டு ஒரு கடதாசி எடுத்துத் தாங்கோ. நான் திரும்பப் போய் அதில இருக்கவேணும்" எண்டா.

அவ்வளவுதான் கேட்டா. கால் எப்பிடி எண்டு கேக்கேல்லை. கேக்கத் தேவையுமில்லைத்தானே.

அடுத்த நாளே இஞ்ச வந்திட்டன். நான் முந்தியே செய்திருப்பன். ஆறுதலா எடுத்துச் சொல்ல ஒருத்தரும் இல்லை, அதுதான். வரிக் கந்தோர் எழுதினது என்னெண்டால், வரியையும் வட்டியையும் கட்டி, உறவு இல்லை எண்டு புதுப் படிவம் நிரப்பிக் குடுங்கோ எண்டு. பொலிசும் இல்லை, ஒண்டுமில்லை. பெடியன் தந்த ஆறாயிரத்து ஐந்நூறும் வீட்டில அப்பிடியே கவரில கிடந்தது. அதில இருந்துதான் கட்டப் போறன். அவனிட்டை ஒரு சதமும் கேக்கேல்லை. அவனுக்கு நான் வாறது தெரியாது.

நூற்றிப் பதினாறு. எனக்குத்தான். இந்தப் பையை ஒருக்காப் பார்த்துக்கொள்ளுங்கோ தம்பி, வாறன்.

*

முடிஞ்சுது. பத்து நிமிசம் இல்லை. இதுக்குத்தான் மூண்டு மாசம் யோசிச்சது.

கவுண்டர்ப் பிள்ளை நல்ல பிள்ளை. வெள்ளைக்காரி. காரை வேண்டினவர் உங்களுக்கு என்ன உறவு எண்டு கேட்டா, வாயாலயும் சொல்லவேணுமாம். சொன்னன். அவ அதைக் கம்பியூட்டரில அடிச்சிட்டு, திரும்ப ஒருக்கா வாசிச்சுக் காட்டினா, சரியோ எண்டு. சரி எண்டன். நன்றி, நல்ல நாளா இருக்கட்டும் எண்டு சொன்னா. எல்லாருக்கும் சொல்லுறதுதான்.

இந்தா, முத்திரை விழுந்திருக்கு. படம் எடுத்தனான், என்ர கண்ணுக்குச் சரியாத் தெரியேல்லை. எழுத்து விளங்குதோ பாருங்கோ. என்ர பேர் கிடக்கோ? சாரங்கன்ர பேர்? வரி கட்டினது? உறவு எண்ட இடத்தில என்ன கிடக்கு, வாசியுங்கோ. ஓம். இல்லை எண்டுதான் இருக்கவேணும். சரி, பெடியனுக்கு அனுப்புறன்.

போட்டுது. பார்த்திட்டான், பாருங்கோ, உடனை பார்த்திட்டான். வேலையில்லைப் போல இண்டைக்கு. எழுதுறான். கொஞ்சம் பொறுங்கோ, எழுதிக்கொண்டிருக்கிறான்.

வந்திட்டுது. வாசியுங்கோ தம்பி, உங்களுக்குக் கண் நல்லம். நன்றி ஐயா எண்டோ? ஐயா எண்டோ போட்டிருக்கிறான்? முதல் நாள் கார் பார்க்க வரேக்கை ஐயா எண்டுதான் சொன்னவன். பிறகுதான் அங்கிள். சரி, பரவாயில்லை. வேற என்ன எழுதியிருக்கிறான்? அம்மா வெள்ளிக்கிழமை போவா எண்டு. கொட்டகைக்கு. நல்லது. நல்லது. போய் இருக்கட்டும், பாவம்.

அதுக்குக் கீழயும் ஏதோ கிடக்கு. ஓ. பழைய கடதாசியின்ர படத்தை உங்கட போனில இருந்தும் அழிச்சுவிடுங்கோ எண்டு. ஓம். அழிக்கத்தானே வேணும். அவன் கேக்கிறது நியாயம்தான்.

இதுதான் அந்தப் படம். இந்தா, இது அவன்ர கையெழுத்து. இது என்ர கையெழுத்து. இதில தகப்பன் எண்டு போட்டிருக்கு, பாருங்கோ, அச்செழுத்தில.

இதை எப்பிடி அழிக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை.

இல்லை, இல்லைத் தம்பி, விடுங்கோ. நீங்கள் ஏன் சிரமப்படுறியள். போனை இஞ்ச தாங்கோ. தங்கச்சியின்ர மகனிட்டைக் கேட்டு ஆறுதலாச் செய்யிறன்.

நூற்றிப் பதினெட்டு அடிக்குது, நீங்கள் எழும்புங்கோ.